தேக்குத் தரை போடுமுன்

சங்க நூலகத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "தேக்குப் பலகையில் தரை போடலாமா சார்? நம்ம மும்பை மழைக்குத் தாங்குமா?" தாங்கும் என்றேன். பிறகு என் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

மகள் கல்யாணத்தை முன்னிட்டு, ஒரு மே மாதம் எங்கள் கூடத்துக்குத் தேக்குப் பலகை பதித்தோம். சூளையில் உலர்த்திய பலகை. வந்த அன்றே சுவரோடு சுவராக, இடைவெளியே விடாமல் அடித்தாயிற்று. ஜூலையில் தரை நடுவே கூடாரம்போல் எழும்பி நின்றது. கல்யாணத்துக்கு மூன்றே வாரம்!

குறை மரத்தில் இல்லை, என் அவசரத்தில். எந்த மரமும் காற்றின் ஈரத்தைக் குடித்து அகலத்தில் விரியும். பச்சை மரம் முற்றும் உலரும்போது தேக்கு, ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.3 சதவீதமும் அதற்குக் குறுக்கே 2.6 சதவீதமும் சுருங்கும். பல கடின மரங்களைவிட இது குறைவு. ஆனாலும் பலகையின் ஈரம் 10 சதவீதத்திலிருந்து 16 ஆனால், 12 அடிக் கூடம் ஒன்றரை அங்குலம்வரை விரியக்கூடும். போக இடமில்லை, மேலே போயிற்று.

ஆசாரி ஓரப் பலகைகளை எடுத்துச் சீவி, சுவரோரம் அரை அங்குலம் விட்டு, மேலே சட்டம் வைத்து மறைத்தார். மழைக்காலத்தில் பதித்ததால் மார்ச்சில் பலகைகளுக்கிடையே மெல்லிய கோடு தெரிகிறது. தெரியட்டும்! நீங்கள் பலகையை வாங்கியதும் இரண்டு வாரமாவது வீட்டுக்குள் அடுக்கிவைத்துப் பிறகு பதியுங்கள்.

தேக்கு அப்படியொன்றும் கடினமான மரமல்ல. கன மீட்டருக்கு 650 கிலோ அளவுதான். வெள்ளை ஓக் இதைவிடக் கடினம். குதிகால் செருப்பின் தடம் விழும். அதன் பெருமை உள்ளிருக்கும் எண்ணெயிலும், கரையானுக்கு ஆகாத டெக்டோகுவினோன் என்ற பொருளிலும் இருக்கிறது. 1817-இல் இதே பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டிய 'டிரிங்கோமலி' கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. அந்த எண்ணெயே பசையைப் பிடிக்கவிடாது; ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். மரத்தில் சிலிக்கா இருப்பதால் இழைப்புளி சீக்கிரம் மழுங்கும். ஆசாரி கூலி கூடக் கேட்டால் கோபிக்காதீர்கள்.

இவ்வளவும் வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான். ஓரத்து வெளிர் மரத்தைக் கரையான் விடாது. சாயம் பூசி விற்பார்கள், பலகையின் முனையைச் சீவிப் பாருங்கள். இடித்த பழைய சால்களின் பர்மா தேக்கு உத்தரம் கிடைத்தால் நல்லது. அறுக்குமுன் பழைய ஆணிகளைத் தேடிப் பிடுங்கிவிடுங்கள்.