அம்மாச்சியைப் பற்றி எழுதுவது எப்படி?

அன்புள்ள மருமகளுக்கு,

அம்மாச்சியின் முதலாண்டு நினைவு மலருக்காக நீ எழுதி அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். ‘அன்பின் சிகரம்’, ‘பக்தியின் உறைவிடம்’, ‘தியாகத்தின் திருவுருவம்’. எதையும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தில் அம்மாச்சியின் பெயரை அடித்துவிட்டு எதிர்வீட்டுப் பாட்டியின் பெயரைப் போட்டாலும் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. என் அம்மாவை அதில் தேடினேன், கிடைக்கவில்லை. உனக்குப் பாசம் குறைவு என்பதல்ல. பாசம் பொங்கி வரும்போது யாருக்கும் பெரிய சொற்கள்தான் முதலில் கைக்கு வரும். அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி எழுது. அதற்கு உதவியாக ஒரு பழைய பாடத்தைச் சொல்கிறேன். நம் காவிரிக் கரையில் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் நடந்தது.

செம்பியன் மாதேவியை உனக்குப் ‘பொன்னியின் செல்வ’னில் தெரியும். கதையை ஓரமாக வைத்துவிட்டுக் கல்வெட்டில் இருக்கும் அம்மாவைப் பார். மழவரையர் குலத்துப் பெண். முதலாம் பராந்தகனின் மகன் கண்டராதித்தரை மணந்தவர். கணவரும் பெரிய சிவபக்தர். தில்லையைப் பற்றி அவர் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. சுமார் 957-இல் கண்டராதித்தர் மறைந்தபோது மகன் மதுராந்தகன் சிறு குழந்தை. அரசு கணவரின் தம்பி வழிக்குப் போயிற்று. பின்னால் அந்தத் தம்பியின் மகன் சுந்தர சோழன் இறந்தபோது அவன் தேவி வானவன் மாதேவி உடன்கட்டை ஏறினாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. செம்பியன் மாதேவி உயிரோடு இருந்தார். கைம்பெண்ணாக நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். கொழுந்தன், கொழுந்தன் மகன், பிறகு உத்தம சோழன் என்ற பெயரில் தன் சொந்த மகன், அவனுக்குப் பின் ராஜராஜன் என்று அரசர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர் வேலை மட்டும் மாறவில்லை.

என்ன வேலை? செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றுவது. கோனேரிராஜபுரம் என்று இன்று நாம் சொல்லும் திருநல்லம், ஆடுதுறை, திருவாரூர் அரநெறி, விருத்தாசலம், திருக்கோடிகாவல் என்று அந்த ஊர்ப் பட்டியல் நீளும். விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையில் அவர் கல்லாக்கிய கோயில் 1001-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது அவர் நல்ல முதுமையில் இருந்திருப்பார்.

அவர் எத்தனை கோயில் கட்டினார் என்பதைவிடக் கட்டும்போது என்ன செய்தார் என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும். பழைய கோயிலைப் பிரித்தால் அதிலிருந்த எழுத்துள்ள கற்களும் பெயர்ந்துபோகும். அந்த எழுத்து அலங்காரத்துக்கு வெட்டியது இல்லை. அந்தக் காலத்தில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டுமென்றால் கொடுப்பவர் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார். ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிவிட வேண்டும். கொடுத்தவர், பெற்றவர், அளவு எல்லாம் கல்லில் இருக்கும். கல் போனால் அந்தக் கடமைக்குச் சாட்சி போய்விடும். பிறகு நெய் வராது, விளக்கும் எரியாது.

திருக்கோடிகாவலில் கோயிலைக் கல்லால் எடுப்பித்தபோது செம்பியன் மாதேவி பழைய கல்வெட்டுகளை வாசிக்கச் சொல்லி, அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டவைத்தார். அவற்றில் பல்லவர் காலத்துக் கொடைகளும் உண்டு. அவருடைய குலத்தார் கொடுத்தவை அல்ல. சோழர் தலையெடுப்பதற்கு முன்பு யார் யாரோ கொடுத்தவை. அவற்றின் பக்கத்தில், இது பழங்கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்த்தார். சுவர் முழுக்கத் தன் பெயரை மட்டும் பொறித்திருந்தாலும் அன்றைக்கு அவரைக் கேட்க ஆள் இல்லை.

கோனேரிராஜபுரத்திலும் அப்படித்தான். கணவர் பெயரால் எடுப்பித்த கோயில் அது. தெற்குச் சுவரில் கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் சிற்பம் இருக்கிறது. அவர் திருவுருவம் என்று கீழே கல்வெட்டும் இருக்கிறது. அதோடு விடவில்லை. முன்னின்று கட்டி முடித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பவரின் பெயரும் அந்தக் கோயில் கல்லில் நிற்கிறது. வேலை செய்தவரின் பெயரை விட்டுவிடாத அம்மா அவர்.

இப்படி அடுத்தவர் பெயர்களைக் காப்பாற்றியவரை அவருடைய வீட்டார் எப்படி நினைத்தார்கள் என்று பார். நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கைலாசநாதர் கோயிலில் மாமியார் பிறந்த கேட்டை நாளில் அன்னமிட உத்தம சோழனின் தேவியர் பலர் நிவந்தம் வைத்தார்கள். மருமகள்கள் கூடி மாமியாருக்குச் செய்த சிறப்பு அது! பேரன் மதுராந்தகன் கண்டராதித்தனுக்குத் தாத்தா பெயர். அவன் அரசனாகவில்லை. ராஜராஜனின் கீழ் அதிகாரியாக ஊர் ஊராகப் போய்க் கோயில் காரியங்களை விசாரித்து, முறை தவறியவர்களைத் தண்டித்தான். பாட்டி எழுதிவைத்ததைப் பேரன் சரிபார்த்தான் என்று வைத்துக்கொள். அதற்கும் பிறகு, 1019-இல், ராஜேந்திரன் காலத்தில் செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் அவருக்குத் திருமேனி எடுத்து வழிபாட்டுக்கும் நிவந்தம் செய்தார்கள். நான்காம் தலைமுறையிலும் அவரை மறக்கவில்லை. நாள், கொடை, பொறுப்பு, உருவம் என்று ஒவ்வொருவரும் கையால் செய்யக்கூடிய ஏதோ ஒன்றை அவருக்காக எடுத்துக்கொண்டார்கள்.

இனி உன் பக்கத்துக்கு வருவோம். ‘வெள்ளிதோறும் தவறாமல் கோயிலுக்கு எண்ணெய் கொடுப்பார்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். உன் கட்டுரையிலேயே உயிருள்ள வரி அதுதான். ஆனால் அதைப் பாதியில் விட்டுவிட்டாய். எந்தக் கோயில்? எவ்வளவு எண்ணெய்? எந்தக் காசில்? நான் சொல்கிறேன், எழுதிக்கொள். ஆற்றங்கரைப் பிள்ளையார் கோயில். அரைப்படி நல்லெண்ணெய். தயிர் விற்ற காசு. தாத்தாவின் சம்பளத்திலிருந்து அதற்கு ஒரு பைசா எடுத்ததில்லை. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்த வழக்கத்தைத் தொடங்கியது அம்மா அல்ல, அம்மாவின் மாமியார். என் அப்பாயிக்குக் கண் தெரியாமல் போன பிறகு அம்மா அதை ஏற்றுக்கொண்டாள். கடைசிவரை அர்ச்சகரிடம், “எங்க அத்தை குடுக்கிற எண்ணெய்” என்றுதான் சொல்லிக் கொடுப்பாள். ஆகவே உன் பக்கத்தில் அப்பாயியின் பெயரும் வர வேண்டும். அதை விட்டுவிட்டால் அம்மாவையே தப்பாக எழுதியதாகும்.

இதே மாதிரி மற்ற வரிகளையும் கேள்வி கேட்டுப் பார். ‘பிள்ளைகளுக்காகத் தியாகம் செய்தார்’ என்றால் எதை விட்டுக்கொடுத்தார், எந்த வருஷம், யார் படிப்புக்காக? உன் அம்மாவிடம் கேள். பெரியம்மாவுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். ‘எல்லோரிடமும் அன்பாகப் பழகினார்’ என்று எழுதாதே. நடை திறக்க நேரமானால் கோயில் வாசலிலேயே நின்று சண்டை பிடிப்பாள். வரிசையில் நிற்கிற கிழவிகளுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சண்டை. அதையும் எழுது. பக்தியுள்ளவர்கள் எப்போதும் சாந்தமாகவே இருப்பார்கள் என்று படித்துப் படித்து நமக்கு அலுத்துவிட்டது.

அவளுக்கு உதவியவர்களை விட்டுவிடாதே. தயிர்ப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு கூடவே நடந்த பக்கத்துவீட்டு அக்கா, காய்ச்சலில் படுத்திருந்த வெள்ளிக்கிழமைகளில் எண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுத்த கடைக்காரர் எல்லோரும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருத்தியின் நாற்பது வருஷத்து வழக்கம் ஒருத்தியால் மட்டும் நடந்துவிடுவதில்லை.

கடைசியாக ஒன்று. உனக்கு அம்மாச்சியின் சாமி மேல் எவ்வளவு நம்பிக்கை என்று நான் கேட்கப்போவதில்லை. அது உன் வயதில் நீயே தீர்மானித்துக்கொள்ள வேண்டியது. ஆனால் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டால், தன் உடம்புக்கு முடியாவிட்டாலும் அது நின்றுபோகாதபடி பார்த்துக்கொள்வாளே, அந்தப் பழக்கத்துக்கு நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீதான் வாரிசு. மலர் அச்சுக்குப் போகுமுன் ஆற்றங்கரைக் கோயிலுக்கு ஒரு நடை போய், இப்போது வெள்ளிக்கிழமை எண்ணெய் யார் கொடுக்கிறார்கள் என்று விசாரி. யாராவது கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் பெயரையும் உன் பக்கத்தில் சேர். யாரும் இல்லையென்றால் வண்ண அட்டையை விட்டுவிட்டுச் சாதாரண அட்டையில் அச்சடித்து, மிச்சமாகும் பணத்தில் ஆறு மாதத்து எண்ணெய்க்குச் சொல்லிவிட்டு வா. அதற்கடுத்த ஆறு மாதம் என் முறை. அப்புறம் யார் முறை என்பதை நினைவு நாளன்று எல்லோரும் வந்திருக்கும்போது பேசி எழுதிவைத்துவிடலாம்.

திருத்திய பக்கத்தை அடுத்த வாரம் அனுப்பு.

அன்புடன்,
மாமா