ரைம்ஸ் ஒப்பிப்பது பேச்சாகுமா?

நம்பிக்கை: செல்போனில் ரைம்ஸ் போட்டுவிட்டால் குழந்தை சீக்கிரம் பேசும்.

உண்மை: பேசாது. பாட்டு ஒப்பிக்கும். இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெற்றோர் பலர் பெருமையோடுதான் ஆரம்பிக்கிறார்கள்: "ஏ டு இசட் சொல்லுவான் மேடம், கலர் எல்லாம் இங்கிலீஷ்லயே சொல்லுவான்." இரண்டரை வயதுப் பையன் முழுப் பாட்டையும் பிசகாமல் பாடுகிறான். "தண்ணி வேணுமா?" என்று கேட்டால், "தண்ணி வேணுமா" என்று நம்மிடமே திருப்பிச் சொல்கிறான். தாகம் எடுத்தால் அம்மா கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தின்மேல் வைக்கிறான். வார்த்தைக்குப் பஞ்சமில்லை, பேச்சுதான் இல்லை.

பேச்சு முறை வைத்து நடப்பது. முதல் வார்த்தைக்கு வெகுமுன்பே குழந்தை இதைப் பழகுகிறது. காலில் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டி, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கிறார். மூன்று மாதப் பிள்ளை "ங்கா" என்கிறது. "ஆமாமா, தாத்தாவா?" என்கிறார் பாட்டி. கேட்டார், காத்திருந்தார், வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு மேலே பேசினார். யூடியூபும் கேள்வி கேட்கும். பிள்ளை பதில் சொன்னதா என்று பார்க்காமல் அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரிஷியா குல் குழுவினர் இதைச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் சீனம் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து 12 அமர்வுகள் விளையாடினார்கள், புத்தகம் படித்தார்கள். அந்த மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதையே திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. இரண்டு வயது வரை திரை வேண்டாம், அதன்பின் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது.

"போன் இல்லன்னா சாப்பிடவே மாட்டான்" என்பீர்கள். சோறு ஊட்டும் நேரம்தான் நாளில் பேச்சுக்கு வாய்த்த நல்ல நேரம். அதையும் போனுக்குத் தாரை வார்த்துவிட்டு, பிள்ளை பேசவில்லை என்று என்னிடம் வந்தால் எப்படி?

நம்பிக்கை: ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்.

உண்மை: சராசரியில் சிறிய வித்தியாசம் உண்டு; அது வருடக்கணக்கில் இல்லை. இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் காட்டிவிடுங்கள்.

நம்பிக்கை: இரண்டு மொழி குழப்பும்.

உண்மை: ஓசூருக்குப் போய்ப் பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஆளுக்குத் தக்கபடி மாற்றிப் பேசும் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு உண்டு. வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் பள்ளிக்குக் காது கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: நாக்கில் வசம்பும் தேனும் தடவினால் பேச்சு வரும்.

உண்மை: வராது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும்.

எல்லாரும் நாக்கையே பார்க்கிறார்கள். காதை யாரும் பார்ப்பதில்லை. கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்? தட்டைத் தட்டினால் திரும்புகிறான் என்பது சோதனை ஆகாது. மெல்லிய பேச்சொலி கேட்காத பிள்ளையும் தட்டுச் சத்தத்துக்குத் திரும்பும். பிறந்த ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் கணக்கு. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் இதில் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பிரசவ வார்டிலிருந்து கிளம்பும்போது தடுப்பூசி அட்டையோடு காதுப் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள். தரவில்லையா? பேர் வைக்க மண்டபம் பார்ப்பதற்கு முன் அந்தச் சோதனையை முடியுங்கள்.