மருந்துக்கு அடங்காத கிருமி

புண்ணில் சீழ் பிடிக்கிறது. டாக்டர் மருந்து தருகிறார். புண் ஆறிவிடுகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் சிலருக்கு எந்த மருந்தும் கேட்பதில்லை. ஏன்?

கிருமிகளில் பாக்டீரியா ஒரு வகை. வைரஸ் இன்னொரு வகை. பாக்டீரியாவை ஒழிக்கும் மருந்துக்கு ஆன்டிபயாடிக் என்று பெயர். இது வைரஸைக் கொல்லாது. ஜலதோஷம் வைரஸால் வருகிறது. அதற்கு இந்த மருந்து வீண்.

1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். 1945இல் நோபல் பரிசு பெற்றார். அப்போதே அவர் எச்சரித்தார். மருந்தைக் குறைவாகச் சாப்பிட்டால் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்றார்.

கிருமி எப்படித் தாங்குகிறது?

கிருமி வேகமாகப் பெருகும். அப்போது சிலவற்றில் சிறு மாறுதல் ஏற்படும். மருந்து மற்றக் கிருமிகளைக் கொல்லும். தாங்கும் கிருமி மட்டும் மிஞ்சும். அதுவே பெருகும்.

கிருமிக்குள் மரபணுக்கள் உள்ளன. மருந்தை முறிக்கும் வழி சில மரபணுக்களில் இருக்கிறது. அந்த மரபணுவை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கொடுக்கும். நாம் ஒரு கோலத்தைத் தாளில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறோம். அவர்களுக்கும் கோலம் தெரிந்துவிடும். நமக்கும் மறக்காது. கிருமிகளும் அப்படித்தான்.

2008இல் ஸ்வீடன் நாட்டில் ஒரு நோயாளியைச் சோதித்தார்கள். அவர் இந்தியாவில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போனவர். அவருடைய சிறுநீரில் இருந்த கிருமியில் புதிய மரபணு இருந்தது. அதே மரபணு அவருடைய மலத்தில் இருந்த வேறு கிருமியிலும் இருந்தது. அதற்கு என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள். கடைசியாகக் கொடுக்கும் வலுவான மருந்துகளையும் அது முறிக்கும். இன்று அது பல நாடுகளில் பரவியுள்ளது.

இத்தகைய கிருமி தாக்கினால் பிரசவம், ஆபரேஷன், பச்சைக் குழந்தை எல்லாவற்றுக்கும் ஆபத்து. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

நாம் என்ன செய்யலாம்?

1. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சீட்டு வேண்டும். இதை மக்களுக்குச் சொல்ல 2016இல் மத்திய அரசு பிரசாரம் தொடங்கியது.
2. டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். காசநோய் மருந்தை நடுவில் நிறுத்தவே கூடாது.
3. மிச்ச மாத்திரையைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.
4. நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆஸ்பத்திரியில் கிருமி கை வழியாகவும் பரவுகிறது.

மருந்து நம் எல்லாருக்கும் பொதுவான சொத்து. ஒருவர் வீணாக்கினால் எல்லாருக்கும் நஷ்டம்.

பயிற்சி

1. ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் ஏன் கேட்காது?
2. கோடிட்ட இடத்தை நிரப்புக: மருந்தை முறிக்கும் வழி ........ இல் இருக்கிறது.
3. உங்கள் வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளைப் பாருங்கள். எதில் சிவப்புக் கோடு இருக்கிறது? அதன் பெயரை எழுதுங்கள்.