வீட்டு இணையத்துக்கு ஒரு லினக்ஸ் கேட்வே

மூலையில் சும்மா கிடந்த பழைய பென்டியத்தில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைச் சொருகி, டெபியன் போட்டு, வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அதையே கேட்வேயாக வைத்தேன். ஒரு கார்டு டிஎஸ்எல் மோடத்துக்கு, மற்றது சுவிட்சுக்கு. வீட்டுப் பக்கத்துக் கார்டுக்கு 192.168.10.1 என்று முகவரி கொடுத்தேன். மோடங்கள் பலவும் 192.168.1.1-ஐத் தமக்கென்று வைத்திருக்கும்; அந்த வரிசையைத் தொடாமல் விடுவது நல்லது.

அடிப்படை வேலை கொஞ்சம்தான். கர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை 0-விலிருந்து 1 ஆக்க வேண்டும். அதை சிஸ்சிடிஎல் கோப்பிலும் எழுதிவிடுங்கள், கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்து நிற்கும். ஐபிடேபிள்ஸில் மாஸ்கரேட் விதி ஒன்று போதும். வெளியே போகும் பாக்கெட்டில் வீட்டு முகவரியை எடுத்துவிட்டு இணைப்பின் முகவரியைப் போடும். யார் கேட்டது என்பதை நினைவில் வைத்திருந்து, பதில் வந்ததும் அவரிடமே சேர்க்கும். முகவரி வழங்கவும் பெயர் தேடவும் டிஎன்எஸ்மாஸ்க் ஒன்றே போதும்.

ஆளைச் சுற்றவிடும் கோளாறு இதற்கப்புறம்தான் வரும். கேட்வேயில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாத் தளமும் திறக்கிறது. உள்ளறைக் கம்ப்யூட்டரில் பிங் போகிறது, சில தளங்களும் வருகின்றன. வேறு சில மட்டும் பாதியில் அப்படியே நிற்கின்றன. டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்பட வேண்டாம். ஈதர்நெட்டில் பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். டிஎஸ்எல் இணைப்புகள் பலவற்றில் ஓடும் பிபிபிஓஇ நெறிமுறை தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. கேட்வேக்கு அது தெரியும், உள்ளே இருப்பவற்றுக்குத் தெரியாது. அவை கேட்டபடி எதிர்ப்பக்கத்து சர்வர் 1500 பைட் பாக்கெட்டை அனுப்புகிறது. அது வழியில் விழுகிறது. 'சிறிதாக அனுப்பு' என்று திரும்பிப் போகும் ஐசிஎம்பி செய்தியை அந்தத் தளத்தின் ஃபயர்வால் தடுத்துவிட்டால், சர்வருக்கு விஷயமே தெரியாது.

சோதித்துப் பார்ப்பது எளிது. பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று சொல்லி உள்ளிருந்து பிங் அனுப்புங்கள். 1464 பைட் போகும், 1465 போகாது. தலைப்புகளுக்கான 28-ஐக் கூட்டினால் சரியாக 1492. மருந்து, ஃபார்வர்ட் வரிசையில் எம்எஸ்எஸ் அளவை (ஒரு டிசிபி பாக்கெட்டில் ஏற்கும் தரவின் உச்ச அளவை) இணைப்புக்கேற்பக் குறைக்கும் ஒரே ஒரு வரி. அதை எழுதிய மறுநிமிடமே தளங்கள் மளமளவென்று திறந்தன. சிலர் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் போய் எம்டியுவை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, மாற்றச் சொல்வார்கள். நாளைக்கு விருந்தாளி லேப்டாப் கொண்டுவந்தால் என்ன செய்வது? கேட்வேயில் செய்வதே முறை.

'சிறிதாக அனுப்பு' என்ற அந்தச் செய்தி தடைபட்டதால் வந்த கோளாறு இது என்பதால்தான், பாதுகாப்பு என்று ஐசிஎம்பியை ஒட்டுமொத்தமாக மூடிவைப்பதை நான் ஏற்பதில்லை. வெளியிலிருந்து புதிதாக வரும் இணைப்புகளை மூடுங்கள், அதுதான் அவசியம்.

வேறு கோளாறு என்றால் முதலில் 8.8.8.8 போன்ற எண் முகவரிக்குப் பிங், பிறகு பெயருக்கு. அதிலும் பிடிபடாவிட்டால் இரண்டு கார்டுகளிலும் டிசிபிடம்ப் ஓட்டுங்கள். பாக்கெட் உள்ளே வந்தும் வெளியே போகவில்லையென்றால் குறை உங்கள் பெட்டியில்தான். அதைப் பார்க்காமல் சேவை நிறுவனத்துக்குப் போன் போடாதீர்கள்.

2014-இல் கர்னல் 3.13-உடன் ஐபிடேபிள்ஸுக்கு மாற்றாக என்எஃப்டேபிள்ஸ் வந்தது, புதிதாக அமைப்பவர்கள் அதிலேயே தொடங்கலாம். விதி எழுதும் விதம்தான் வேறு. பிபிபிஓஇ இணைப்பென்றால் அந்த எம்எஸ்எஸ் வரியை அங்கேயும் சேர்த்தாக வேண்டும்.