பயிரின் மணமும் பூச்சியுண்ணும் பறவைகளும்

நாவலப்பிட்டிப் பகுதியில் மகாவலி கங்கையை அடுத்த வயல்களுக்கும், தேயிலைச் சரிவுகளின் அடியிலுள்ள மரக்கறித் தோட்டங்களுக்கும் நாள்தோறும் பறவைகள் இரை தேடி வருகின்றன. கோவா, போஞ்சி முதலியவற்றின் இலை மறைவிற் கிடக்கும் பச்சைப் புழுவைக் கமக்காரர் கண்டுபிடிப்பதே அரிது. அங்ஙனமாயின் பறவை புழுவுள்ள செடியை எவ்வாறு அறிகின்றது? கண்பார்வை ஒன்றினாலேயே என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. பறவைக்கு மோப்பம் மிகக் குறைவு என்பது பழைய துணிபு. அத்துணிபு இன்று தளர்ந்துவிட்டது.

புல்லை வெட்டும்போது எழும் பச்சை வாசனை யாவரும் அறிந்ததே. ஆயின் கத்தி வெட்டிய இலையும் புழு கடித்த இலையும் ஒரே மணத்தை விடுவதில்லை. புழுவின் உமிழ்நீர் காயத்திற் படும்போது செடி வேறு மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றது. கடிபடாத இலைகளும் அவற்றை வெளிவிடுவதுண்டு. நெற்பயிரும் இதற்கு விலக்கன்று. கபிலநிறத் தத்தி சாறு உறிஞ்சிய நெல்லின் மணத்தை நாடி, அத்தத்தியின் முட்டைகளுக்குள் தன் முட்டையை இடும் நுண்ணிய குளவி வருவதைச் சீனத்து ஆராய்ச்சியாளர் 2005ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

பறவைகளைப் பற்றிய சோதனைகள் குளிர் நாடுகளில் நடந்தவை. பின்லாந்தில் சில பேர்ச் மரங்களின் கிளைகளில் வலைப்பைகளைக் கட்டி, அவற்றுள் புழுக்களை இலை தின்ன விட்டனர். பின்பு எல்லா மரங்களிலும் பைகளுக்கு வெளியே போலிப் புழுக்களை வைத்தனர். புழு தின்ற மரங்களிலேயே பறவைகள் போலிப் புழுக்களை மிகுதியாகக் கொத்தின. இம்முடிவு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒல்லாந்தில் ஆப்பிள் மரங்களைக் கொண்டு செய்த சோதனை இதனினும் தெளிவானது. புழுக்களையும் கடிபட்ட இலைகளையும் அகற்றிய பின்னரும், பட்டாணிக் குருவிகள் புழு இருந்த மரத்தைத் தெரிந்தெடுத்தன. மரத்தைக் காணமட்டும் விட்டபோது அவற்றால் வேறுபாடு அறிய முடியவில்லை. மணத்தை மட்டும் உணரவிட்டபோது அறிந்தன. இது 2013ஆம் ஆண்டின் செய்தி.

கருந்தலையும் வெண்கன்னமும் உடைய பட்டாணிக் குருவி நம் மலைநாட்டிலும் உண்டு. முன்னர் இதுவும் ஐரோப்பியப் பறவையும் ஒரே இனமாகவே கொள்ளப்பட்டன. எனினும் அங்குக் கண்டதை இங்குள்ள எல்லாப் பறவைகளுக்கும் ஏற்றிக் கூறுதல் முறையன்று. கரிக்குருவி பறக்கும் பூச்சியைக் கண்ணாற் கண்டே பிடிக்கின்றது. உண்ணிக்கொக்குக்கோ எருமையின் காலடியிலிருந்து எழும் பூச்சியே போதும்.

இப்பறவைகளால் விளையும் பயன் சிறிதன்று. ஒல்லாந்தின் ஆப்பிள் தோட்டங்களிற் கூட்டுப்பெட்டிகள் வைத்துப் பட்டாணிக் குருவிகளைப் பெருக்கியபோது, மரமொன்றின் விளைச்சல் 4.7 கிலோவிலிருந்து 7.8 கிலோவாக உயர்ந்ததென 2002ஆம் ஆண்டின் ஆய்வொன்று கூறுகின்றது.

நான்கு இலையில் துளை கண்டவுடன் தோட்டம் முழுவதும் கிருமிநாசினி தெளிக்கும் வழக்கம் இதனாலேயே கேடாகின்றது. செடியின் மணத்தை நாடி வரும் பறவைக்கு அங்கே நஞ்சுண்ட புழுவே கிடைக்கும். குளவிகளோ தெளித்த அன்றே மடியும். இதன் விளைவைத் தேயிலைத் தோட்டங்கள் முன்னரே கண்டன. தேயிலை இலைசுருட்டிப் புழுவை அடக்குவதற்காக 1935-36ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து ஒருவகைக் குளவி கொணரப்பட்டது. அது நன்கு பயன் தந்தது. பின்னர்த் தண்டு துளைக்கும் வண்டுக்கென டீல்ட்ரின் தெளித்தபோது அக்குளவி அழிந்தது. அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகிற்று.

ஆதலால் மருந்து வேண்டுமாயின், சேதம் மிகுந்த பாத்திக்கு மட்டும் தெளித்தல் நன்று. சில இலைகளிற் காணும் கடியைச் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம்; கோவாவின் குருத்திற் புழு புகுந்துவிட்டால் மட்டும் பொறுத்தலாகாது. வரம்பிலும் வேலியிலும் பொந்துள்ள பழைய மரங்களை வெட்டாது விடவேண்டும், பட்டாணிக் குருவி பொந்திலேயே கூடு கட்டும். பொந்தில்லாத இடத்தில் பலகைப் பெட்டி தொங்கவிடலாம். அதன் வாயில் சிறிதாக இருத்தல் வேண்டும், ஐரோப்பாவில் 32 மில்லிமீற்றர் அகலமே வைக்கின்றனர். வயலிற் கரிக்குருவி அமர்வதற்குத் தென்னமட்டைகளை நாட்டலாம். நெல் பால்பிடிக்கும் பருவத்தில் அவற்றைப் பிடுங்கிவிடுதல் வேண்டும். இல்லையேல் கதிர் தின்னும் குருவிகளும் அவற்றிலேயே வந்து அமரும்.