தயக்கமும் ஒரு குணமே

வினை செய்யுமிடத்துத் தயங்குதலைக் குறையென்று கூறுதல் உலக வழக்கு. ஆயினும், சிலவிடத்து அத்தயக்கமே உலகைக் காக்கும் என்பதை 1983-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த ‘வார் கேம்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் நன்கு புலப்படுத்துகின்றது. இதனை இயக்கியவர் ஜான் பேடம் என்பார்.

படத்தின் தொடக்கத்தில், அணு ஏவுகணையைக் காத்து நிற்கும் வீரர் இருவருக்கு அதனை ஏவுமாறு கட்டளை வருகின்றது. அவருள் ஒருவர் திறவுகோலைத் திருப்ப மனம் ஒவ்வாது நிற்கின்றார். அக்கட்டளை வெறுஞ் சோதனையே. இவ்வாறு தயங்கினார் பலர் எனக் கண்ட மேலோர், ஏவும் பொறுப்பை மனிதரிடமிருந்து நீக்கிக் கணிப்பொறியிடம் ஒப்புவிக்கின்றனர். பின்னர், புதிய விளையாட்டுகளை நாடிய பள்ளி மாணவன் ஒருவன், தொலைபேசி வழியே அப்பொறியை அறியாது அடைந்து, அணுப்போர் ஆட்டத்தைத் தொடங்குகின்றான். ஆட்டம் இது, மெய் இது எனப் பகுத்தறியும் ஆற்றல் பொறிக்கு இல்லை. ஆதலின் உலகம் அழிவின் விளிம்பை எய்துகின்றது. இறுதியில், ஒன்பது கட்டங்களில் புள்ளடியும் சுழியும் இட்டு ஆடும் சிறுவர் ஆட்டத்தைத் தன்னொடு தானே பன்முறை ஆடி, வெற்றியே இல்லாத ஆட்டமும் உண்டென அப்பொறி கற்கின்றது. போரும் அத்தகையதே எனத் தெளிந்து ஏவாது ஒழிகின்றது. மனிதனிடத்துக் குறையென விலக்கிய தயக்கத்தையே பொறியும் கற்க வேண்டியதாயிற்று.

இது கற்பனையே எனத் தள்ளற்க. படம் வெளிவந்து நான்கு திங்கள் நிரம்புமுன், 1983 செப்டம்பர் 26-இல், அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருகின்றன எனச் சோவியத்து நாட்டின் எச்சரிக்கைப் பொறி அறிவித்தது. ஆண்டுக் காவலிருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்னும் அதிகாரி, மெய்யாகவே போர் தொடுப்போர் ஐந்தே கணைகளோடு தொடங்கார் எனச் சிந்தித்து, அது பொறியின் பிழையென மேலிடத்துக்குத் தெரிவித்தார். உயர்ந்த மேகங்களிற் பட்டு மீண்ட ஞாயிற்றொளியையே செயற்கைக்கோள் கணையெனக் கொண்டது எனப் பின்னர்த் தெளிந்தனர்.

தாக்குதல் மெய்யாயின், தயங்கும் நாடு அழியாதோ எனின், கூறுதும்: மெய்யாயின், எதிர்க்கணை ஏவுதலால் வருங்கணை தடைப்படாது, பொய்யாயின், ஏவியவரே போரைத் தொடங்கியவராவர். ஏவிய கணையை மீட்டலும் இயலாது. ஆகவே விரைவினும் ஆராய்வே ஈண்டு வேண்டப்படுவது.

2024 நவம்பரில், பெரு நாட்டின் லீமா நகரில் சந்தித்த அமெரிக்கத் தலைவர் பைடனும் சீனத் தலைவர் ஷி ஜின்பிங்கும், அணுவாயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் வசமே இருத்தல் வேண்டுமென உடன்பட்டனர். அம்முடிவை மனிதரிடம் விடுத்தல் அவர் பிழையே செய்யார் என்பதனாலன்று. திறவுகோலைப் பற்றிய கையும் நடுங்கக்கூடும் என்பதனாலேயாம்.