பேனாவில் எண் பொறிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: விலையுயர்ந்த மைப்பேனா ஒன்று புதிதாக வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தாலே சேகரிப்பாளர்கள் முன்பதிவுக்கு முண்டியடிக்கிறார்கள். ‘மொத்தமே இத்தனை பேனாக்கள்தான்’ என்று எண்ணிக்கை சொல்லி விற்கும் வழக்கம் எப்போது தொடங்கியது? அந்த ஆர்வத்துக்கு நியாயமான காரணம் உண்டா?

பதில்: மைப்பேனா எல்லோருடைய சட்டைப்பையிலும் இருந்த காலத்தில் யாரும் அதை எண்ணி விற்கவில்லை. பேனாவுக்கு வேலை குறைந்த பிறகு பிறந்த வழக்கம் இது. நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் மைப்பேனா அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வேண்டிய கருவியாகவே இருந்தது. எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவும் செய்து விற்பதுதான் தயாரிப்பாளர்களின் குறி. 1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில் மில்டன் ரெனால்ட்ஸின் பால்பாயின்ட் பேனா 12.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 1950இல் பிரான்சின் பிக் நிறுவனம் மலிவான பால்பாயின்ட்டைக் கொண்டுவந்தது. நம் பள்ளிகளில் மைப்பேனா இன்னும் பல காலம் நீடித்தது என்றாலும், மேற்கு நாடுகளில் 1960களுக்குள் அன்றாட எழுத்து பெரும்பாலும் பால்பாயின்ட்டுக்குப் போய்விட்டது.

அந்த நிலையில்தான் 1965இல் பார்க்கர் நிறுவனம் ஒரு பேனாவை வெளியிட்டது. 1715இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம் புயலில் சிக்கி ஸ்பெயினின் புதையல் கப்பல்கள் மூழ்கின. அவற்றிலிருந்த வெள்ளி நாணயங்களை 1960களில் தேடி எடுத்தார்கள். அந்த வெள்ளியில் ஒரு பங்கைப் பார்க்கர் வாங்கி, உருக்கி, தன் ‘பார்க்கர் 75’ பேனாவின் உடலாக்கியது. செய்யப்பட்டவை 4,821 பேனாக்கள். சாதாரண பார்க்கர் 75 அப்போது 25 டாலர். இது 75 டாலர். எழுதும் முறையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கூடுதலாகக் கொடுத்த 50 டாலரும் இருநூற்றைம்பது ஆண்டு கடலடியில் கிடந்த வெள்ளிக்கும் அதன் கதைக்கும்தான். எண்ணிக்கை வரம்போடு வந்த பேனாக்களில் முதலாவது என்று சேகரிப்பாளர்கள் பலர் இதையே குறிப்பிடுகிறார்கள். ஒன்றை மட்டும் இங்கே கவனிக்க வேண்டும்: கிடைத்த வெள்ளிக்கு ஓர் அளவு இருந்தது, ஆகவே பேனாக்களுக்கும் ஓர் அளவு இருந்தது. இந்த வரம்பு பொருளிலேயே இருந்தது. பிறகு வந்த பலவற்றுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஆடம்பரப் பேனா அதற்கும் வெகு முன்பே இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெள்ளிப் பாம்பு சுற்றிக் கிடக்க, அதன் கண்களில் கற்கள் பதித்த பேனாக்களைப் பார்க்கர் விற்றிருக்கிறது. அதைவிட ஜப்பானின் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1918இல் ரியோசுகே நமிகி தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய பைலட். அன்றைய பேனாக்களின் உடல் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். வெயிலும் வெளிச்சமும் பட்டால் அதன் கருமை மங்கிவிடும். அதைத் தடுக்க நமிகியின் பட்டறையில் உருஷி மரத்தின் அரக்கைப் பூசிப் பார்த்தார்கள், நிறம் நின்றது. அரக்கு வந்ததும், ஈர அரக்கின் மேல் பொன் தூளைத் தூவிச் சித்திரம் தீட்டும் ‘மாகி-எ’ கலையும் பேனாவுக்கு வந்தது. 1930இல் லண்டனின் டன்ஹில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டு அந்தப் பேனாக்கள் ஐரோப்பாவுக்குப் போயின. ஒரு பூச்சு பூசி, ஈரப்பதம் உள்ள பெட்டியில் வைத்து இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி காத்திருக்க வேண்டும். ஒரு பேனா முடியப் பல மாதங்கள் ஆகும். குறைவாகத்தான் செய்ய முடிந்தது என்பதால் அவை குறைவாக இருந்தன. ஆடம்பரம் பழையது, முன்கூட்டி ஓர் எண்ணை அறிவித்து அதையே விற்பனைக்குக் காரணமாக்குவது மட்டுமே புதியது.

அந்தப் புதிய முறை நிலைபெற்ற ஆண்டு 1992. ஹாம்பர்க்கின் மோன்ட்பிளாங்க் நிறுவனம் அந்த ஆண்டு கலைப் புரவலர்கள் வரிசையில் லொரென்சோ தெ மெடிச்சி பேனாவையும், எழுத்தாளர்கள் வரிசையில் ஹெமிங்வே பேனாவையும் கொண்டுவந்தது. முதலாவதில் 4,810 பேனாக்கள். மோன்ட் பிளாங்க் மலையின் உயரம் மீட்டரில் ஏறத்தாழ 4810. நிறுவனம் தன் நிப்பிலேயே பொறித்து வந்த எண் அது. வெள்ளியோ பொற்கொல்லரின் கையோ இந்த எண்ணை வரையறுக்கவில்லை, ஒரு மலையின் உயரம் வரையறுத்தது. ஹெமிங்வே பேனாவின் எண்ணிக்கை பத்தாயிரங்களில் போனது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையை அரிது என்று சொல்வது சரியாகாது. இந்த இரண்டு பேனாக்களும் அழகானவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரிசை தொடங்கிவிட்டால் அடுத்த ஆண்டும் ஒரு பெயர், ஓர் எண், ஒரு பெட்டி வந்தாக வேண்டும். எழுதும் முனையைப் பார்த்தால், மோன்ட்பிளாங்க் தன் நிப்பைத் தானே செய்கிறது. ஐரோப்பாவின் வேறு பல நிறுவனங்களோ ஹைடல்பெர்க் நகரின் பாக் போன்ற நிப்புத் தொழிலகங்களிடம் வாங்கிப் பொருத்துகின்றன. அப்படியானால் எண் போட்ட பேனாவிலும் எண் போடாத பேனாவிலும் தாளைத் தொடும் நிப்பு ஒரே தொழிலகத்தில் பிறந்ததாக இருக்கலாம்.

எண்ணைக் கதையிலிருந்து எடுக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 2009இல் வந்த மோன்ட்பிளாங்கின் காந்தி பேனாவே சான்று. தண்டி யாத்திரை 241 மைல்; ஆகவே 241 பேனாக்கள். தங்க நிப்பில் கோல் ஊன்றி நடக்கும் காந்தி. விலை 11 லட்சம் ரூபாய்க்கு மேல். இதை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2010இல் இந்தியாவில் விற்பனை நின்றது. சட்டம் கேட்டது தேசத் தலைவரின் பெயரை வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்பது. எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. சுதேசிப் பேனா வேண்டும் என்ற காந்தியின் விருப்பத்தை ஏற்று ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் கையால் ஒரு பேனாவைச் செய்தார். அதைப் பெற்றுக்கொண்டு 1935இல் காந்தி அவருக்குக் கடிதமும் எழுதினார். காந்தியையும் பேனாவையும் இணைக்கும் உண்மையான கதை இதுதான். 241 என்ற எண்ணில் அதற்கு இடமே இல்லை.

சேகரிப்பவர்கள் இரண்டு வாதங்களை வைப்பார்கள். ஒன்று, விலை ஏறும் என்பது. லொரென்சோ பேனா உண்மையிலேயே பல மடங்கு ஏறியது. ஆனால் அப்போது அது இப்படி ஏறும் என்று தெரிந்து வாங்கியவர்கள் மிகக் குறைவு; பலர் எழுதினார்கள், சில தொலைந்தன, சில தேய்ந்தன. இன்றைய வெளியீடுகளை வாங்குகிறவர்களோ உறை பிரிக்காமல் பெட்டியிலேயே வைக்கிறார்கள். எல்லாமே புதிதாகவே மிஞ்சும்போது அருமை கூட வழியில்லை. இரண்டாம் கைச் சந்தையில் பல புதிய வெளியீடுகள் வெளியீட்டு விலைக்கும் கீழே கைமாறுவதில் வியப்பில்லை.

இரண்டாவது வாதம் வலுவானது: சேகரிப்பவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கைத்தொழில்கள் அழிந்திருக்கும். இதை முழுமனதாக ஏற்கிறேன். மாகி-எ கலைஞர்கள் இன்றும் பேனாவில் தீட்டுகிறார்கள் என்றால் அதை வாங்க ஆள் இருப்பதால்தான். நம் திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் செய்யும் கடைசல் பட்டறையும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் பெயர்பெற்றது. எபோனைட் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, கையால் கடைந்து, மரை இட்டு, மெருகேற்றுகிறார்கள். எந்த நிறத் தண்டு, என்ன வடிவம், எந்த நிப்பு என்று வாங்குகிறவரே சொல்லலாம். பாக் நிப்பைக்கூடக் கேட்டு வாங்கலாம். ஆர்டர் கொடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் கடைபவரின் கைக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் முடியும்.